6, 10, 14: ரோட்டா சொட்டு மருந்து நாளைத் தவற விடாதீங்க!

குழந்தை பிறந்த வீட்டில் நாள் கணக்குக்குப் பஞ்சமே இல்லை. பெயர் வைக்கும் நாள், தொட்டில் போடும் நாள், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ தர்காவுக்கோ முதன்முதலாகத் தூக்கிப் போகும் நாள் என்று பாட்டிமார்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கணக்கோடு இன்னும் மூன்று நாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு 6 வாரம் முடியும் நாள், 10 வாரம் முடியும் நாள், 14 வாரம் முடியும் நாள். அதாவது பிறந்து 42, 70, 98 நாள்கள்.

இந்த மூன்று நாள்களிலும் பல தடுப்பூசிகளோடு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் தரப்படுகிறது. அரசு மையங்களில் இது முற்றிலும் இலவசம். ஊசி கிடையாது, வாயில் விடும் மருந்துதான். ஆனால் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. முதல் தவணையைத் தொடங்க வயது வரம்பு இருக்கிறது. முதல் பிறந்தநாள் தாண்டிவிட்டால், "பரவாயில்லை, அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்று சொல்ல வழியே இல்லை. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி விளக்கமாகப் பார்க்கிறோம்.

ரோட்டா வைரஸ் என்பது என்ன?

சிறு குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு வைரஸ். 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் குடல் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இது கண்ணில் பட்டது. பார்ப்பதற்குச் சக்கரம் போல இருந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ரோட்டா' இதற்குப் பெயரானது.

உடம்புக்குள் போன இரண்டு நாள்களில் வேலையைக் காட்டும். பெரும்பாலும் முதலில் காய்ச்சலும் வாந்தியும் வரும். பிறகு தண்ணீர் தண்ணீராக வயிற்றால் போகும். இது மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை நீடிக்கலாம். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, அது இந்த வைரஸிடம் வேலை செய்யாது. குழந்தை இழக்கிற நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை.

பெரியவர்களுக்கு நாலு தடவை போனால் சோர்வாக இருக்கும், அவ்வளவுதான். 7 கிலோ, 8 கிலோ இருக்கும் குழந்தைக்கு அப்படி இல்லை. சில மணி நேரத்திலேயே உடம்பு வறண்டு, கண் உள்ளே போய், குழந்தை துவண்டுவிடும். தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுதோறும் 5 வயதுக்கு உட்பட்ட சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்ததாகவும், 8.7 லட்சம் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும் மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டி நூல் மதிப்பிடுகிறது.

"எங்க வீட்டுல ஆர்.ஓ. வாட்டர்தான், எங்களுக்கு எதுக்கு?"

மயிலாப்பூரில் அடிக்கடி கேட்கக்கூடிய கேள்வி இது. மாட வீதிகளைச் சுற்றியுள்ள அபார்ட்மென்ட்களிலும் கேட்பார்கள், லஸ் கார்னர் பக்கத்திலும் கேட்பார்கள். வயிற்றுப்போக்கு என்றாலே கெட்ட தண்ணீர், சுத்தமில்லாத இடம் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. காலராவுக்கும் டைபாய்டுக்கும் அந்தக் கணக்கு பெருமளவு சரி. ரோட்டா விஷயத்தில் அது போதாது.

காரணம் எளிது. பாதிக்கப்பட்ட குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் வெளியேறும். ஆனால் இன்னொரு குழந்தைக்கு நோய் வர நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்களே போதும். டயப்பர் மாற்றிய கை, கைப்பிடி, பொம்மை, விளையாட்டு விரிப்பு, கிரெச்சில் எல்லாக் குழந்தைகளும் மாறி மாறி வாயில் வைக்கும் கிலுகிலுப்பை என எதன் வழியாகவும் பரவும். இந்த இடங்களில் வைரஸ் பல நாள் உயிர்ப்போடு இருக்கும். குடிக்கிற தண்ணீரை எவ்வளவு வடிகட்டினாலும் இந்த வழிகள் திறந்தேதான் இருக்கின்றன.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்கா. குழாயைத் திறந்தால் குடிநீர் வரும் நாடு. 2006-இல் அங்கே ரோட்டா தடுப்பு மருந்து வழக்கத்துக்கு வருவதற்கு முன், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் 5 வயதுக்குள் இந்தத் தொற்று வந்துவிடும். ஆண்டுக்கு 55,000 முதல் 70,000 குழந்தைகள் வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் இருந்த வித்தியாசம் தொற்று வருவதில் இல்லை, சரியான நேரத்தில் சிகிச்சை கிடைப்பதில்தான் இருந்தது. ஆகவே நொச்சிக்குப்பத்துக் குழந்தையானாலும் ஆழ்வார்பேட்டைக் குழந்தையானாலும் மூன்று தவணையும் தேவை.

சுத்தம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கை கழுவுவதும், காய்ச்சி ஆறிய நீரும் வேறு பல நோய்களைத் தடுக்கும். குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் வாடை வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். தடுப்பு மருந்தையும் சுத்தத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

"பல்லு முளைக்குது, அதான் வயித்தால போகுது"

இதுவும் நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்வது. குடலேற்றம், உரம் விழுந்திருக்கு, திருஷ்டி பட்டிருக்கு என்றும் சொல்வார்கள். பாட்டி சொல்வதில் ஒரு கவனிப்பு இருக்கிறது. பல் முளைக்கும் பருவத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு அதிகம் வருவது உண்மைதான். ஆனால் அதற்குப் பல் காரணம் இல்லை. அந்த வயதில்தான் குழந்தை தவழ ஆரம்பிக்கிறது, தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிறது. ரோட்டா வைரஸ் கடுமையாகத் தாக்குவதும் பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வயது வரைதான். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் பழி பல் மேல் விழுகிறது.

இந்த நம்பிக்கையால் வரும் உண்மையான ஆபத்து, நேரம் போவது. "பல்லுதான், சரியாயிடும்" என்று ஒரு நாள், குடல் தட்ட ஒரு நாள் என்று காத்திருந்தால் குழந்தையின் உடம்பில் இருக்கும் நீர் காத்திருக்காது. பெரியவர்களோடு சண்டை போட வேண்டாம். "சரிம்மா, திருஷ்டி சுத்திடலாம், அதோட ஓ.ஆர்.எஸ்.-ஐயும் குடுத்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களும் ஒத்துழைப்பார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம், 6 வாரத்திலேயே?

இதற்கான பதில் நம் வேலூரிலிருந்தே கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், பிறந்தது முதல் 3 வயது வரை 373 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், 6 மாதம் ஆவதற்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளுக்கு ரோட்டா தொற்று வந்துவிட்டது தெரிந்தது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் இல்லை, பல குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, வைரஸ் வரும் முன்னே நாம் முந்திக்கொள்ள வேண்டும், அதனால் 6 வாரம். இரண்டு, ஒரு தடவை போதாது, உடம்புக்குத் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும், அதனால் மூன்று தவணை. ஒரு தவணை கொடுத்துவிட்டு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இந்தியாவில் கண்டுபிடித்த மருந்து

இந்த மருந்துக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், பிறந்த குழந்தைகள் சிலரின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கே இல்லை. டாக்டர் எம்.கே. பான் குழுவினர் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பின்னாளில் அவர்களுக்குக் கடுமையான ரோட்டா நோய் குறைவாகவே வந்தது. நோய் தராமல் பாதுகாப்பு மட்டும் தருகிற அந்த வைரஸுக்கு '116இ' என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்துதான் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் 'ரோட்டாவேக்' மருந்தைத் தயாரித்தது.

2011-இல் தொடங்கிய இறுதிக்கட்டச் சோதனையில் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். வேலூர்ப் பகுதிப் பணியில் டாக்டர் ககன்தீப் காங் முக்கியப் பங்கு வகித்தார். 2014-இல் மருந்துக்கு உரிமம் கிடைத்தது. 2016-இல் ஆந்திரா, ஹரியானா, இமாச்சலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களின் தடுப்பூசித் திட்டத்தில் முதலில் சேர்ந்தது. 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019-இல் நாடு முழுவதும் விரிந்தது.

உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்கிறது. ஆனால் எவ்வளவு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சோதனையில், முதல் வயதில் வரும் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை இந்த மருந்து சுமார் 56 சதவீதம் குறைத்தது. திட்டத்தில் சேர்ந்த பிறகு, சாதாரண மருத்துவமனைகளில் நிலவரம் என்ன என்று 9 மாநிலங்களில் 31 மருத்துவமனைகளில் பார்த்தார்கள். 2025-இல் வெளியான அந்த ஆய்வில் பாதுகாப்பு 54 சதவீதம் என்று வந்தது. வயிற்றுப்போக்கால் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் ரோட்டா இருந்தவர்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருந்தது.

"பாதிதானே காப்பாத்துது, அப்புறம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். இப்படி யோசித்துப் பாருங்கள். கடுமையான வயிற்றுப்போக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலைக்குப் போகக்கூடிய ஒவ்வொரு இரண்டு குழந்தைகளில் ஒரு குழந்தை வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருக்கிறது. மீதிக் குழந்தைக்கும் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. அதைக் கட்டுரையின் கடைசியில் பார்ப்போம்.

இன்னொன்று, இந்த மருந்து ரோட்டா வைரஸுக்கு எதிரானது மட்டுமே. வேறு கிருமிகளால் வரும் வயிற்றுப்போக்கை இது தடுக்காது. மூன்று தவணையும் முடித்த குழந்தைக்கு வயிற்றால் போனால் "மருந்து வேஸ்ட்" என்று நினைக்க வேண்டாம்.

எங்கே, எப்போது போடலாம்?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடலாம். குழந்தை பிறந்தது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலோ, எழும்பூரிலோ, தனியார் மருத்துவமனையிலோ இருக்கலாம், அது முக்கியமே இல்லை. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். உங்கள் பகுதி நிலையத்தில் வேறு நாள்களிலும் போடுகிறார்களா என்பதை நகர சுகாதார செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் எப்படிக் கணக்கிடுவது? ஒரு குழந்தை 2026 ஜனவரி 7, புதன்கிழமை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை பிப்ரவரி 18, இரண்டாவது மார்ச் 18, மூன்றாவது ஏப்ரல் 15. வேறு கிழமையில் பிறந்திருந்தால், 42 நாள் முடிந்து வரும் முதல் புதன்கிழமை போங்கள். அதிலிருந்து நான்கு நான்கு வாரம் இடைவெளி. போனில் மூன்று நாளையும் இப்போதே ரிமைண்டர் வைத்துவிட்டால் மறக்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே கணக்கு.

போகும்போது தாய் சேய் நல அட்டையையும் போனையும் எடுத்துப் போங்கள். பால் கொடுத்த பிறகு காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

போலியோ சொட்டு மருந்து வேறு, ரோட்டா வேறு

இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு உண்டு. "போலியோ கேம்ப்ல சொட்டு மருந்து போட்டாச்சே" என்பார்கள். முகாமில் தருவது போலியோ மருந்து, இரண்டு சொட்டு. அதில் ரோட்டா கிடையாது. ரோட்டா மருந்து தடுப்பூசி நாளில் மட்டுமே தரப்படும். ரோட்டாவேக் என்றால் ஐந்து சொட்டு. ரோட்டாசில் என்ற மருந்து என்றால் ஊசி இல்லாத சிரிஞ்ச் மூலம் சற்று அதிக அளவில் வாயில் விடுவார்கள். இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று பெற்றவை.

6 வாரத்தில் ஒரே நாளில் போலியோ சொட்டு, ரோட்டா, பென்டாவேலன்ட் ஊசி, நிமோனியா தடுப்பூசி, போலியோ ஊசி எல்லாம் வரும். "ஒரே நாளில் இத்தனையா? பாப்பா தாங்குமா?" என்று அம்மாக்களுக்குப் பதற்றம் வருவது இயல்புதான். இவற்றைச் சேர்த்துத் தருவது பாதுகாப்பானது என்பதாலேயே அட்டவணை அப்படி அமைந்திருக்கிறது. "ரோட்டாவை மட்டும் அடுத்த வாரம் குடுங்க" என்று பிரித்தால், அது மறந்துபோக வாய்ப்பு அதிகம். கிளம்பும் முன் அட்டையில் 'ரோட்டா' என்ற கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

அம்மா வீட்டுக்குப் போனால்?

பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். மயிலாப்பூர் மருமகள் தேனியிலோ தூத்துக்குடியிலோ மூன்று மாதம், ஐந்து மாதம் இருப்பார். சரியாக அந்தக் காலத்தில்தான் மூன்று தவணையும் வருகிறது. முதல் தவணை அங்கே, இரண்டாவது எங்கே, மூன்றாவது "சென்னை போய்ப் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போய்விடும்.

தள்ளிப்போட வேண்டியதே இல்லை. எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம், இருப்பிடச் சான்று தேடி அலைய வேண்டாம். கணக்கு விட்டுப்போகாமல் இருக்க மத்திய அரசின் 'யு-வின்' தளம் உதவும். கொரோனா காலத்து கோ-வின் போலத்தான். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. யு-வின் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.-யைப் பதிவு செய்யுங்கள்.
2. குழந்தையின் விவரத்தைச் சேருங்கள். கர்ப்ப காலத்திலேயே அம்மாவின் பதிவு இருந்தால் அதே எண்ணைப் பயன்படுத்துங்கள்.
3. பக்கத்து தடுப்பூசி மையத்தைத் தேடி நாளைத் தேர்வு செய்யுங்கள். நேராகப் போனாலும் செவிலியரே பதிவு செய்வார்.
4. தவணை முடிந்ததும் கியூ.ஆர். குறியீட்டோடு சான்றிதழ் கிடைக்கும். அதை டவுன்லோட் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பதிவு இருந்தாலும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அப்பா, அம்மா, தாத்தா எல்லோர் போனிலும் அனுப்பி வைத்துவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: "தடுப்பூசிப் பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் சொல்லவே கூடாது. அரசு ஊழியர் யாரும் போனில் வங்கி ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பயன்பெறுவோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. குழந்தைக்கு உரிய தடுப்பூசிகளை முடிப்பதும் அந்த உதவித்தொகையோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. உங்கள் தவணை விவரத்தைச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாள் தவறிவிட்டால்?

குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், மழை, வெள்ளம் என்று ஏதோ காரணத்தால் நாள் தவறலாம். பயப்பட வேண்டாம், வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். அரசு அட்டவணைப்படி விதி இதுதான்:

முதல் தவணையை 1 வயது நிறைவதற்குள் தொடங்கிவிட வேண்டும். 1 வயதுக்குள் முதல் தவணை போட்டுவிட்டால், மீதி இரண்டையும் நான்கு வார இடைவெளியில் முடித்துக்கொள்ளலாம். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. ஒரு தவணைகூடப் போடாமல் 1 வயது தாண்டிவிட்டால், ரோட்டா மருந்து தரமாட்டார்கள்.

இருந்தாலும் வரம்பு 1 வயது என்பதால் 11 மாதம் வரை காத்திருப்பது நியாயம் இல்லை. வேலூர் ஆய்வை நினைவில் வையுங்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 6 மாதத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது. தாமதமான ஒவ்வொரு வாரமும் குழந்தை பாதுகாப்பில்லாமல் இருக்கும் வாரம்தான்.

தனியாரில் ஆரம்பித்திருந்தால்?

முதல் தவணையைத் தனியார் கிளினிக்கில் போட்டுவிட்டு, மீதியை அரசு நிலையத்தில் போட விரும்புவோர் உண்டு. தாராளமாக வரலாம். தனியாரில் ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன. ரோட்டாரிக்ஸ் இரண்டு தவணை, மற்றவை மூன்று தவணை. கூடுமானவரை ஒரே மருந்தைத் தொடர்வது நல்லது. அது முடியாமல் மருந்து மாறினால், மொத்தம் மூன்று தவணையாக முடிக்க வேண்டும். அதனால் எந்த மருந்து போட்டார்கள் என்ற பெயர் அட்டையில் இருக்கட்டும். சில தனியார் மருந்துகளுக்கு வயது வரம்பு 1 வயதை விடவும் குறைவு என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஃப்ரீயா குடுக்கறது தரமா இருக்குமா?" என்ற சந்தேகத்துக்கும் பதில் மேலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதித்து, பிறகு நாடு முழுவதும் கொடுத்து, அதன் பலனையும் அளந்து பார்த்த மருந்து இது.

பக்க விளைவு உண்டா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் இருக்காது. சிலருக்கு லேசான காய்ச்சல், எரிச்சல், ஒன்றிரண்டு தடவை இளக்கமாகப் போவது இருக்கலாம். தானே சரியாகிவிடும். மருந்துக்குப் பின் சில நாள் மலத்தில் மருந்து வைரஸ் வெளியேறலாம் என்பதால் டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மிக அரிதாக 'குடல் செருகல்' என்ற பிரச்சினை பேசப்படுகிறது. குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்வது. 1998-இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து ஒன்று, இந்தக் காரணத்தால் 1999-இலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லா மருந்துகளையும் இந்த விஷயத்தில் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள். இந்தியாவிலும் ரோட்டாவேக் வந்த பிறகு பல மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்தால் குடல் செருகல் கூடியதாகத் தெரியவில்லை.

மருந்தே போடாத குழந்தைக்கும் குடல் செருகல் வரலாம் என்பதால் அதன் அறிகுறிகளை எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைப்பது நல்லது. விட்டுவிட்டு வீறிட்டு அழுது காலை வயிற்றோடு மடக்குவது, தொடர் வாந்தி, வயிறு உப்புவது, மலத்தில் ரத்தமும் சளியும் வருவது. இப்படி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முன்பு குடல் செருகல் வந்த குழந்தை, பிறவியிலேயே கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தை, முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை ஏற்பட்ட குழந்தை ஆகியோருக்கு இந்த மருந்து கூடாது. சாதாரண சளி, லேசான வயிற்றுப்போக்கு இருந்தால் போடலாம். நோய் கடுமையாக இருந்தால் குணமான பிறகு போடலாம். எதுவானாலும் மருந்து விடும் முன் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியும் வயிற்றால் போனால்?

தடுப்பு மருந்து பாதி வேலையைச் செய்கிறது. மீதியைச் செய்ய வீட்டில் எப்போதும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், அரை டம்ளர் என்ற குத்துமதிப்பு வேண்டவே வேண்டாம். 200 மில்லி பாக்கெட்டும் கடையில் உண்டு, அட்டையில் உள்ள அளவைப் படியுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள்.

2 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுங்கள். சாப்பிடும் வயதுக் குழந்தைக்குக் குழைந்த சாதம், இட்லி, வாழைப்பழம் கொடுக்கலாம். பட்டினி போடக் கூடாது.

துத்தநாக மாத்திரை 14 நாள். 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம். வயிற்றால் போவது நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும்.

கூல்டிரிங்க்ஸ், பாட்டில் ஜூஸ், குளுக்கோஸ் பவுடர் ஆகியவற்றில் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். பழச் சுவையோடு அட்டைப்பெட்டியில் வரும் எல்லாமே ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்தது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் பெரியவர்கள் மாத்திரையைக் குழந்தைக்குத் தரவே கூடாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: கண் உள்ளே போவது, உச்சிக்குழி பள்ளமாவது, அழும்போது கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பால் குடிக்க முடியாதது, துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது, மலத்தில் ரத்தம். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவதும் நீரிழப்பின் அடையாளம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம், எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் மட்டும் கேட்க வேண்டுமென்றால் 104.

உங்கள் வீட்டிலோ, மாடி வீட்டிலோ, வேலைக்கு வரும் அக்கா வீட்டிலோ 1 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், இன்றே தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். ரோட்டா என்ற வரியில் மூன்று தேதிகள் இருக்கின்றனவா? இருந்தால் நிம்மதி. ஒரு கட்டம் காலியாக இருந்தால், வரும் புதன்கிழமை காலையில் கிளம்பிவிடுங்கள்.